குழந்தைகளுக்காக வாதாடிய எக்லன்டைன் ஜெப் அம்மையார்

டிசம்பர் 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான பெத்லகேம் பாலகர்களைத் திருச்சபை அன்று நினைவுகூர்கிறது. தன் அரியணைக்கு ஆபத்து வருமென்று அஞ்சிய ஓர் அரசன் பச்சிளங் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான். தாய்மார் கதறினர். ஆனால் அரசனைத் தட்டிக் கேட்க அந்நாட்டில் எவரும் இல்லை. கேட்கும் உரிமை பெற்ற ஓர் அமைப்பும் இல்லை.

நம்மில் பலர் கிறிஸ்துமஸ் விடுமுறையின் கொண்டாட்டத்தில் இத்திருநாளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் 1919-ஆம் ஆண்டில் இதே திருநாளன்று கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு சிறப்புக் காணிக்கை எடுக்கப்பட்டது. முதல் உலகப் போரில் தோற்றுப்போன நாடுகளில் பசியால் வாடிய குழந்தைகளுக்கான காணிக்கை அது. அந்தக் குழந்தைகளுக்காக ஊர் ஊராய், நாடு நாடாய் அலைந்து கையேந்தியவர்களுள் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருந்தார். அவர் கத்தோலிக்கரல்லர்; திருமணம் செய்து கொள்ளாதவர்; உடல்நலம் குன்றியவர். அவரே எக்லன்டைன் ஜெப் அம்மையார். குழந்தைகளின் உரிமை என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோமே, அதை உலக நாடுகளின் சபையில் முதன்முதலாக ஏற்கச் செய்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷர் மாவட்டத்தில் எல்ஸ்மியர் என்ற சிற்றூரில் எக்லன்டைன் பிறந்தார். எக்லன்டைன் என்பது முள்ளும் மணமும் உடைய ஒரு காட்டு ரோஜாவின் பெயர். வசதியான குடும்பம், ஆறு பிள்ளைகள். தாயார் கிராமத்து ஏழைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க ஓர் இயக்கத்தையே தொடங்கி நடத்தியவர். பிறர் துன்பம் நம் துன்பம் என்ற பாடத்தை எக்லன்டைன் வீட்டிலேயே கற்றார்.

அக்காலத்தில் பெண்கள் கல்லூரிக்குச் செல்வது அரிது. அவருடைய தந்தைக்கும் அதில் விருப்பம் இல்லை. படித்த அத்தை ஒருவரின் ஆதரவால் 1895-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் லேடி மார்கரெட் ஹால் என்னும் மகளிர் கல்லூரியில் சேர்ந்து வரலாறு பயின்றார். ஒரு வீட்டில் ஓர் அத்தை துணை நின்றால் ஒரு பெண்ணின் வாழ்வு எப்படித் திரும்பும் என்பதை நம் வீடுகளிலும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

இடையே 1896-இல் துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனான். ஒரு குழந்தையை இழந்த வீடு எப்படியிருக்கும் என்பதை எக்லன்டைன் தம் இருபதாவது வயதில் அறிந்துகொண்டார்.

தோல்வியுற்ற ஆசிரியை

படிப்பை முடித்தபின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்ற ஆசையுடன் பயிற்சி பெற்று, மார்ல்பரோ என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். ஆனால் அந்தப் பணி அவருக்குக் கைவரவில்லை. நெரிசலான வகுப்பை அடக்கி ஆளத் தெரியவில்லை. குழந்தைகளோடு இயல்பாகக் கலந்து பழகவும் முடியவில்லை. உடல்நலமும் கெட்டது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் வேலையை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குழந்தைகளின் உரிமைக்கு வித்திட்ட பெண்மணி, வகுப்பறையில் தோற்றுப்போனவர்! குழந்தைகளைக் கண்டதும் தூக்கிக் கொஞ்சும் இயல்பு அவருக்கு இல்லை. அவரிடம் இருந்தது நீதியுணர்ச்சி. கொஞ்சத் தோன்றும் குழந்தைக்கு மட்டுமல்லாமல், கண்ணால் காணாத குழந்தைக்கும், அழுக்கான குழந்தைக்கும், பகைவனின் குழந்தைக்கும் வாழும் உரிமை உண்டு என்று அவர் உணர்ந்தார். பாசம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடும். நீதி வாசலைத் தாண்டிச் செல்லும்.

பின்னர்த் தாயாருடன் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறி, அங்கிருந்த அறச்சங்கம் ஒன்றில் பணியாற்றினார். அந்நகர மக்களின் வறுமை, வீட்டு வசதி, வேலை ஆகியவற்றை நேரில் ஆராய்ந்து 1906-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். தருமம் செய்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது, ஏன் இந்த வறுமை என்று கேட்கும் அறிவும் கணக்கும் வேண்டும் என்பதை இந்த ஆண்டுகளில் அவர் கற்றார். 1913-இல் பால்கன் போரினால் வீடிழந்த அகதிகளுக்கு உதவ மாசிடோனியாவுக்குச் சென்றார். போரின் கொடுமையை அங்கே நேரில் கண்டார்.

பசியே ஆயுதமானபோது

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. எதிரி நாடுகளுக்கு உணவும் பிற பொருள்களும் போகாதபடி பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் கடல் முற்றுகை இட்டன. 1918 நவம்பர் 11-ஆம் நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் முற்றுகை ஓயவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும்வரை அது நீடிக்கவேண்டும் என்று வென்றவர்கள் கருதினர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பாலின்றி மெலிந்தனர். வளர்ச்சி குன்றி, எலும்பு வளைந்து, காசநோய்க்கு ஆளாயினர். போரை அவர்கள் தொடங்கவில்லை. போர் தொடங்கியபோது அவர்களில் பலர் பிறந்திருக்கவுமில்லை.

எக்லன்டைனின் தங்கை டாரதி பக்ஸ்டன், போர்க்காலத்தில் பல நாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து செய்திகளை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். அப்பணியில் எக்லன்டைனும் உதவினார். எதிரி நாட்டு மக்களும் நம்மைப் போன்ற மனிதர்களே என்ற உண்மை அச்செய்திகளில் வெளிப்பட்டது. 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சகோதரிகள் இருவரும் வேறு சிலருடன் சேர்ந்து பஞ்ச எதிர்ப்புக் குழு ஒன்றை நிறுவினர். முற்றுகையை நீக்குமாறு அரசை வற்புறுத்துவதே அதன் நோக்கம்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் எக்லன்டைன் துண்டுப் பிரசுரங்களை வழங்கினார். பட்டினியால் வற்றிப்போன ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம் அதில் இருந்தது. அரசின் தணிக்கையாளரிடம் காட்டி அனுமதி பெறாமல் வெளியிட்ட குற்றத்திற்காக அவர் கைதானார். மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. தம் வழக்கைத் தாமே வாதாடினார். சட்டப்படி தப்ப வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குழந்தையைப் பட்டினி போடுவது அறமா என்ற கேள்வியையே நீதிமன்றத்தின் முன் வைத்தார். தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அவருக்கு எதிராக வாதாடிய அரசுத் தரப்பு வழக்கறிஞரே ஐந்து பவுன் தாளை அவரிடம் நீட்டினார் என்றும், அதையே குழந்தைகளின் நிதிக்கு முதல் நன்கொடையாக அவர் வைத்தார் என்றும் கூறுவர். சட்டம் தோற்கடித்தது, மனச்சான்று வெற்றி பெற்றது.

குழந்தைகளைக் காக்கும் நிதி

சகோதரிகள் இருவரும் இப்போது ஒரு முடிவுக்கு வந்தனர். அரசியல் கோரிக்கையும் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் ஒரே குடையின்கீழ் இருந்தால், அரசியலை விரும்பாதவர்கள் பாலையும் மறுத்துவிடுவார்கள். எனவே குழந்தைகளுக்கென்றே, எந்தக் கட்சியையும் சாராத ஓர் அமைப்பு வேண்டும். 1919 மே 19-ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூட்டி, ‘சேவ் தி சில்ட்ரன்’ எனப்படும் குழந்தைகளைக் காக்கும் நிதியைத் தொடங்கினர். எதிரிக்கு உணவிடச் சொல்லும் துரோகிகள்மீது வீசுவதற்காக அழுகிய பழங்களுடன் சிலர் வந்திருந்தனர் என்று சொல்வதுண்டு. போரில் மகனையோ கணவனையோ இழக்காத வீடு அன்று லண்டனில் அரிது. அவர்களுடைய கோபத்தை நாம் எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. அத்தகைய மக்களின் முன் நின்று, பகைவனின் குழந்தைக்குப் பால் கேட்கும் துணிவு அம்மையாருக்கு இருந்தது. அவர்களும் பழத்தை வீசவில்லை, பணத்தைத் தந்தனர்.

திருச்சபையின் துணை

அம்மையார் எல்லாச் சபைகளின் கதவுகளையும் தட்டினார். பாப்பரசர் 15-ஆம் பெனடிக்ட் அந்த வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். போர் நடந்த ஆண்டுகளில் எந்தத் தரப்பையும் சாராமல் சமாதானத்திற்காக ஓயாது பாடுபட்டவர் அவர். 1919 நவம்பர் 24-ஆம் நாள் உலக ஆயர்களுக்கு ஒரு சுற்றுமடல் வரைந்து, மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காகப் பணமும் உணவும் உடையும் திரட்டப் பணித்தார். பிற கிறிஸ்தவ சபையாரும் அதே நாளில் காணிக்கை எடுக்க முன்வந்தனர். அம்மையார் ரோமாபுரிக்குச் சென்று பாப்பரசரை நேரில் சந்தித்தார். 1920 டிசம்பர் 1-ஆம் நாள் பாப்பரசர் மீண்டும் ஒரு சுற்றுமடல் எழுதியபோது, இந்த நிதியைப் பெயர் குறிப்பிட்டே பாராட்டினார். வேறு சபையைச் சேர்ந்த பெண்கள் தொடங்கிய, மதச்சார்பற்ற ஓர் அமைப்பைப் பாப்பரசர் தம் சுற்றுமடலில் புகழ்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

1920 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, ஜெனீவா நகரில் பன்னாட்டுக் குழந்தைகள் காப்பு ஒன்றியம் உருவாயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு அதற்கு ஆதரவளித்தது. பல நாடுகளின் அமைப்புகள் அதில் இணைந்தன. நேற்று வரை ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட நாடுகளின் மக்கள் குழந்தைகளின் பொருட்டு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

வோல்கா நதிக்கரையில்

1921-இல் ரஷ்யாவின் வோல்கா நதிப் பகுதியில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ரஷ்யாவில் அப்போது பொதுவுடைமைக் கட்சி ஆட்சி. கடவுளை மறுக்கும் அரசின் நாட்டுக்கு ஏன் உதவவேண்டும் என்று பலர் கேட்டனர். இங்கிலாந்திலேயே எத்தனையோ ஏழைகள் இருக்க அந்நிய நாட்டுக்குப் பணம் அனுப்புவதா என்று சில பத்திரிகைகள் சாடின. அம்மையார் தளரவில்லை. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தார். பஞ்சத்தைச் சினிமாப் படமாக எடுத்துவரச் செய்து மக்களுக்குக் காட்டினார். அந்நாளில் தரும காரியத்திற்கு இவை புதிய வழிகள். விளம்பரத்திற்குப் பணம் வீணாகிறது என்ற குறையும் எழுந்தது. ஆனால் போட்ட பணத்தைவிடப் பன்மடங்கு திரும்பி வந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் 600 டன் உதவிப் பொருள்களுடன் லண்டனிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. சரட்டோவ் வட்டாரத்தில் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்கு அங்கே உணவு வழங்கப்பட்டது. தாய் தந்தையரின் அரசியலைக் கேட்டு எந்தக் குழந்தைக்கும் தட்டு மறுக்கப்படவில்லை.

ஐந்து விதிகள்

போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் ஓடி ஓடி உதவுவது மட்டும் போதுமா? உதவி என்பது கொடுப்பவர் மனம் கனிந்தால் கிடைப்பது. மனம் மாறினால் நின்றுவிடுவது. உரிமை என்பது கேட்டுப் பெறத்தக்கது. மறுத்தால் ஏன் என்று வினவத்தக்கது. ஆகவே குழந்தைக்கு உலகம் எதைக் கடன்பட்டிருக்கிறது என்பதை எல்லா நாடுகளும் ஏற்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்று அம்மையார் எண்ணினார். ஜெனீவாவை அடுத்த சலேவ் மலைக்கு ஏறிச் சென்று, தனிமையில் அமர்ந்து அவ்விதிகளை அவர் எழுதினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

நீண்ட சட்டநூல் ஒன்றை அவர் எழுதவில்லை. எவரும் மனத்தில் கொள்ளத்தக்க ஐந்தே விதிகள். குழந்தை உடலாலும் ஆன்மாவாலும் இயல்பாக வளர்வதற்கு வேண்டியவற்றைத் தரவேண்டும் என்பது முதல் விதி. பசித்த குழந்தைக்கு உணவு, நோயுற்ற குழந்தைக்குப் பராமரிப்பு, பின்தங்கிய குழந்தைக்கு உதவி, தவறிய குழந்தைக்குத் திருந்த வழி, அனாதைக் குழந்தைக்குப் புகலிடம் என்பது இரண்டாவது. ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்பது மூன்றாவது. பிழைக்க ஒரு தொழிலுக்குத் தகுதிபெறச் செய்து, சுரண்டலிலிருந்து காக்கவேண்டும் என்பது நான்காவது. தன் திறமைகளைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற உணர்வோடு குழந்தையை வளர்க்கவேண்டும் என்பது ஐந்தாவது.

அந்த ஐந்தாவது விதியை மாணவிகளாகிய நாம் மறக்கக்கூடாது. உரிமையைப் பேசிய அதே ஏட்டில் கடமையையும் சேர்த்தே எழுதினார் அம்மையார்.

பன்னாட்டு ஒன்றியம் 1923-இல் ஏற்ற இவ்விதிகளை 1924 செப்டம்பர் 26-ஆம் நாள் சர்வதேச சங்கத்தின் பேரவை ஏற்றுக்கொண்டது. ஜெனீவா பிரகடனம் என்று அது பெயர் பெற்றது. இயற்றியது ஓர் அரசன்று, ஒரு படையன்று. அரசுகளுக்கு வெளியே நின்ற ஒரு சங்கம். அதுதான் அரசுகளைத் தம் கடமையை உணரச் செய்தது.

அந்திக் காலம்

இதன்பின் அம்மையார் சர்வதேச சங்கத்தின் குழந்தை நலக் குழுவில் ஆலோசகராகப் பணிசெய்தார். ஐரோப்பாவுக்கு அப்பால் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நலனுக்கென ஒரு மாநாடு கூட்டவும் எண்ணினார். அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நெடுநாளாகத் தைராய்டு நோய் அவரை வாட்டி வந்தது. அறுவை சிகிச்சைகள் செய்தும் பயனின்றி, 1928 டிசம்பர் 17-ஆம் நாள் தம் 52-ஆம் வயதில் ஜெனீவாவில் காலமானார். அவர் எண்ணிய மாநாடு 1931-இல் அந்நகரிலேயே நடந்தேறியது. அவருடைய கல்லறையும் ஜெனீவாவிலேயே அமைந்தது. 2024-ஆம் ஆண்டு அவருடைய எஞ்சிய உடல், அந்நகரத்துப் பெரியோர்கள் துயிலும் கல்லறைத் தோட்டத்திற்கு மரியாதையுடன் மாற்றப்பட்டது.

அவர் விதைத்த விதை

அம்மையாரின் ஐந்து விதிகள் வளர்ந்தன. 1959 நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பத்துக் கோட்பாடுகள் கொண்ட குழந்தை உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. முப்பதாண்டுகள் கழித்து 1989-இல் அதே நாளில் 54 பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை நிறைவேறியது. பிரகடனம் வாக்குறுதி, உடன்படிக்கை கட்டுப்பாடு. நம் இந்தியா 1992 டிசம்பர் 11-ஆம் நாள் அதில் இணைந்தது.

ஆனால் ஏட்டில் எழுதியதெல்லாம் வீட்டில் நடந்துவிடுகிறதா? நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் அதிகாரத்திற்கு அஞ்சாததாக இருக்கவேண்டும். குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. வழக்குத் தொடுக்கப் பணமில்லை. பத்திரிகையில் எழுதத் தெரியாது. சில வேளைகளில் அதற்குத் தீங்கு செய்வோர், அதைக் காக்கக் கடமைப்பட்டவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். அப்போது குழந்தை யாரிடம் போகும்? இதற்காகவே நார்வே நாடு 1981-இல் குழந்தைகளுக்கென்று தனிக் குறைதீர் அதிகாரியை நியமித்தது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. நிபுணர் குழு, ஒவ்வொரு நாட்டிலும் குழந்தைகளுக்காகத் தற்சார்புள்ள அமைப்பு இருக்கவேண்டும் என்று 2002-இல் விளக்கமாக எடுத்துரைத்தது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2007 மார்ச்சில் அமைந்தது. கல்வி உரிமைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதும் அதன் பொறுப்பு. ஆபத்தில் சிக்கிய குழந்தை உதவி கேட்க 1098 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

ஆணையம் என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது என்பதை ஜெப் அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. தன் சொந்த அரசு தவறு செய்தபோது அதைத் தவறு என்று சொல்ல அவருக்கு முடிந்தது; ஏனெனில் அவர் அரசின் தயவில் வாழவில்லை. எல்லாக் கட்சியாரிடமும் எல்லாச் சபையாரிடமும் காணிக்கை பெற்றார், எவருக்கும் அடிமையாகவில்லை. சம்பளம் தருபவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் காவலாளி, திருடன் வீட்டுக்காரனாகவே இருந்தால் என்ன செய்வான்? குழந்தைகளுக்காகப் பேசும் அமைப்புகளுக்குத் தற்சார்பு வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் சிறுமிக்கும் இந்த ஐந்து விதிகள் பொருந்துமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்புத் தங்கைகளே, உங்கள் வகுப்பில் ஒரு தோழி சில நாள்களாக வாடிய முகத்துடன் வந்தால், ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ அவளை அழைத்துச் செல்லுங்கள். பள்ளியை நடத்தும் நாமும், ஒரு குழந்தை அச்சமின்றி வந்து பேசும் கதவு நம் பள்ளியில் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அக்கதவு மூடியிருந்தால் அம்மையாரின் படத்தைச் சுவரில் மாட்டி என்ன பயன்?

வரும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று பெத்லகேம் பாலகர்களுக்காக நாம் மன்றாடுவோம். ஏரோதுவுக்கு அஞ்சாமல் குழந்தைகளுக்காகப் பேசும் நெஞ்சுரம் நமக்கும் வேண்டுமென்று அவர்களுடன் சேர்த்து இந்தக் காட்டு ரோஜாவையும் நினைத்துக்கொள்வோம்.